சண்டை போட எத்தனை வாரம் ஆகும்?

நமன்கான்,
ஜனவரி 19

தல்மே பல்கலைக்கழகத்தின் கொரிய மொழி மையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

நலம்தானே? வீட்டில் எல்லாரும் நலம்தானே? உங்கள் ஊரில் குளிர் அதிகமில்லையே? ருஷ்ய மொழியில் எழுதுகிறேன். அங்கே ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கைதான்.

என் பெயர் மவ்லூதா. உஸ்பெகிஸ்தானில் நமன்கான் ஊரில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். கொரிய மொழி படிக்க முடிவு செய்து மூன்று பல்கலைக்கழகங்களின் விளக்கப் புத்தகங்களை வரவழைத்தேன். சியோல் புத்தகத்தில் மாணவர்கள் பூ மரத்தடியில் நின்று சிரிக்கிறார்கள். பூசான் புத்தகத்தில் கடற்கரையில் நின்று சிரிக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் ஒரு நூடுல்ஸ் கடை வாசலில் நின்று சிரிக்கிறார்கள். மூலை நசுங்கிய அந்தப் பச்சைப் பலகையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் சம்பந்தியம்மாவின் கடை.

என் மகள் நோதிராவை அந்த வீட்டில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். எங்கள் வழக்கப்படி தலைப்பிரசவம் ஆன பெண் நாற்பது நாள் தாயோடு இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவோ இப்போதே ஏதோ ஒரு பிரசவ ஓய்வு இல்லத்தில் இடம் பிடித்துவிட்டார்களாம். அங்கே கணவனைத் தவிர யாரையும் உள்ளே விட மாட்டார்களாம். பெற்ற தாய் வாசலில் நிற்க வேண்டுமாம்.

இதை நானே அந்தம்மாவிடம் பேச வேண்டும். நோதிரா மொழிபெயர்ப்பதை நம்ப முடியவில்லை. நான் மூச்சு விடாமல் பத்து வார்த்தை திட்டினால் அவள் இரண்டு வார்த்தை சொல்கிறாள். சம்பந்தியம்மா சிரித்துத் தலை குனிகிறார்கள். போன மாதம், "எம்பொண்ணு ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்கா, அங்க சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே இருபது பாக்கெட் நூடுல்ஸ். என்ன மொழிபெயர்த்திருப்பாள் என்று நீங்களே யோசியுங்கள்.

என் கேள்வி ஒன்றுதான். உங்கள் மையத்தில் படித்தால், ஒருவரோடு நேருக்கு நேர் சண்டை போட எத்தனை வாரம் ஆகும்?

மவ்லூதா


தல்மே,
ஜனவரி 27

மதிப்பிற்குரிய மவ்லூதா அவர்களுக்கு,

மையத்தின் அலுவலர் தோ இன்சுக் எழுதுகிறேன். பொறுப்பாளரும் நான்தான், மற்ற அலுவலர்களும் நான்தான். முப்பது வருடத்துக்கு முன் கல்லூரியில் ருஷ்ய மொழி படித்தேன். அதைப் படித்தால் வேலை கொட்டும் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். இன்றுதான் முதன்முறையாகப் பயன்பட்டிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பருவம் பத்து வாரம், மொத்தம் இருநூறு மணி நேரம். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை வகுப்பு. நூற்றுக்கு எண்பது வருகை இல்லாவிட்டால் விசா கிடையாது. கோடைப் பருவம் ஜூன் 9 அன்று தொடங்கும். மொத்தம் ஆறு நிலைகள். முதல் நிலையில் பெயர் சொல்லவும், விலை கேட்கவும், வழி கேட்கவும், வேண்டும் வேண்டாம் என்று சொல்லவும் கற்றுக்கொடுப்போம். மரியாதையாகக் குறை சொல்வது மூன்றாம் நிலையில் வருகிறது. சண்டை பாடத்திட்டத்தில் இல்லை.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் பிறந்த வருடத்தைச் சரிபார்க்கவும். நாற்பத்தேழு வயது என்று வருகிறது. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்.

சுய அறிமுகக் கடிதமும் வேண்டும். விசா அலுவலகம் அதைத்தான் முதலில் படிக்கும். சிரமம் வேண்டாமென்று நானே ஒரு மாதிரி எழுதி இணைத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

தோ இன்சுக்

பின்குறிப்பு: பிரசவம் ஆகும் பெண்ணின் தாய்க்குத் தனி விசா உண்டு. படிக்காமலே வந்து போகலாம். இதைச் சொல்வது என் மையத்துக்கு நல்லதல்ல. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.


நமன்கான்,
பிப்ரவரி 9

இன்சுக் அவர்களுக்கு,

தட்டச்சுப் பிழை இல்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமாகக் கடந்துதான் நாற்பத்தேழு ஆகியிருக்கிறது. உங்களுக்கு என்ன வயது? எப்படிக் கூப்பிடுவது என்று தெரிந்தால் எழுதச் சுலபமாக இருக்கும்.

அந்தத் தனி விசா எனக்கும் தெரியும். விருந்தாளியாக வந்தால் விருந்தாளி மாதிரிதான் உட்கார வேண்டும். வைத்ததைச் சாப்பிட்டு, பல்லைக் காட்டிவிட்டு, பெட்டியைக் கட்ட வேண்டும். மாணவியாக வந்தால் எனக்கென்று ஓர் அறை, ஒரு சாவி. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வரலாம்.

சியோல் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. என் பெயருக்குப் பதில் "அன்புள்ள மாணவரே" என்று இருந்தது. சண்டையைப் பற்றிக் கேட்டதற்கு, விடுதியில் பிற மாணவர்களோடு தகராறு செய்தால் வெளியேற்றப்படுவீர்கள் என்று விதி எண்ணோடு பதில் போட்டிருந்தார்கள். நீங்கள் எட்டு நாள் எடுத்துக்கொண்டாலும் என் கேள்வியைப் படித்திருக்கிறீர்கள். அங்கிருந்து என் மகள் வீட்டுக்கு பஸ்ஸில் நாலு மணி நேரமாம். வாரம் ஒரு முறை போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினால் வருகை எண்பது எங்கே தேறும்? அதனால் உங்கள் மையம்தான்.

ஆனால் அந்த மாதிரிக் கடிதத்தை நான் தொட மாட்டேன். "கண்டிப்பான தந்தைக்கும் கனிவான தாய்க்கும் இரண்டாம் பிள்ளையாகப் பிறந்தேன்" என்று இருக்கிறது. என் அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் இல்லாதவனைக்கூட இறக்கிவிட மாட்டார். அம்மாதான் வீட்டில் போலீஸ். "சிறு வயதிலிருந்தே கொரியக் கலாச்சாரத்தின் மீது ஆர்வம் கொண்டேன்" என்றும் இருக்கிறது. சிறு வயதில் எனக்குத் தர்பூசணி மேல்தான் ஆர்வம் இருந்தது.

நானே எழுதி இணைத்திருக்கிறேன். நாலே வரி. என் மகளுக்குப் பிரசவம், நாற்பது நாள் என் கைக்குள் வேண்டும், அதைச் சம்பந்தியம்மாவிடம் நானே கேட்க வேண்டும், கேட்பதற்கு மொழி வேண்டும்.

மவ்லூதா


தல்மே,
பிப்ரவரி 20

மவ்லூதா,

எனக்கு ஐம்பத்திரண்டு. அக்கா என்றே கூப்பிடலாம். அக்கா என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த நாலு வரியை அனுப்பாதே.

எங்கள் நாட்டில் சுய அறிமுகக் கடிதம் என்றால் அப்படித்தான். இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது நானும் கண்டிப்பான தந்தை என்றுதான் எழுதினேன். என் அப்பா மீன் விற்றவர். எங்கள் வீட்டுப் பூனையைக்கூட ஒரு நாள் அதட்டியதில்லை. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறோம், படிக்கிறோம். இந்தப் பருவத்துக்கு உன்னோடு பதினொரு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். மற்றப் பத்துப் பேரும் சின்னப் பிள்ளைகள், சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். நீ ஒருத்திதான் மல்லுக்கு நிற்கிறாய்.

ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். கோடைப் பருவத்தில் பத்துப் பேர் சேராவிட்டால் மையத்தை மூடிவிட்டு மேஜைப் பந்து அறை ஆக்கிவிடுவேன் என்று டீன் சொல்லியிருக்கிறார். மேஜைகள்கூட வந்துவிட்டன. என் அறைக்கு வெளியே சாத்தி வைத்திருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் இடுப்பில் இடிக்கிறது. எனவே ஒரு விசாகூடத் தவறக் கூடாது.

இன்னொன்று. உன் சம்பந்தியம்மா கடையில்தான் தினமும் மதியம் சாப்பிடுகிறேன். கூ மல்சுன் அம்மாவை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. நேற்று நூடுல்ஸ் வைத்துக்கொண்டே, "எங்க சம்பந்தியம்மா தங்கமானவங்க. போன்ல வந்தாலே எங்கடை நூடுல்ஸைப் பத்தித்தான் பேசுவாங்க" என்று சொன்னார்கள். நான் மென்று விழுங்கினேன். நீ சரி என்றால் நாற்பது நாள் விஷயத்தை நானே பக்குவமாகச் சொல்லிப் பார்க்கட்டுமா?

இன்சுக் அக்கா


நமன்கான்,
மார்ச் 3

அக்கா,

வேண்டாம். ஏற்கனவே ஒரு மொழிபெயர்ப்பாளர் செய்த பக்குவத்தில்தான் நான் இருபது பாக்கெட் நூடுல்ஸை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். கடைக்கு வரும் பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தும் இன்னும் ஆறு மிச்சம்.

அந்தம்மா முகத்தைப் பார்த்து, என் வாயால், என் குரலில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. அவர்கள் "முடியாது" என்றால் அதையும் நானே காதால் கேட்க வேண்டும்.

நாலு வரியை அப்படியே அனுப்பிவிட்டேன். கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் பதில் போடுங்கள்.

மவ்லூதா


தல்மே,
ஏப்ரல் 8

மவ்லூதா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப்போட்டு எழுதுகிறேன்.

விசா முடிவுகள் வந்துவிட்டன. பதினொன்றில் பத்து நிராகரிப்பு. விசா அதிகாரி எனக்கே தொலைபேசியில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "அம்மா, பத்துப் பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா? பத்துப் பேருக்கும் அப்பா கண்டிப்பு, அம்மா கனிவு, பத்துப் பேரும் இரண்டாவது பிள்ளை" என்றார். இரண்டாம் பிள்ளை என்பதைக்கூட நான் மாற்றவில்லை. அந்தப் பிள்ளைகள் என்னை நம்பி வந்தவர்கள். அவர்களிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்?

கிடைத்த ஒரே விசா உன்னுடையது. உன் நாலு வரியைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டி, "இவங்க எதுக்கு வர்றாங்கன்னு மட்டும்தான் எனக்குப் புரியுது" என்றார்.

ஆனால் ஒரு மாணவியை வைத்து வகுப்பு நடத்த டீன் ஒப்பவில்லை. சியோலில் நீ எழுதிக் கேட்ட அதே பல்கலைக்கழகத்தில் பேசிவிட்டேன். உன்னை மாற்றிக்கொள்வார்கள். கட்டிய பணம் முழுவதும் அவர்களுக்குப் போய்விடும். அங்கே நல்ல ஆசிரியர்கள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் ராத்திரிக்குள் தல்மே வந்துவிடலாம். தயவுசெய்து சரி என்று சொல்.

மே 15 வரை புது விண்ணப்பங்கள் வாங்கலாம்தான். அதற்குள் ஒன்பது பேருக்கு எங்கே போவேன்? மேஜைப் பந்து மட்டைகளும் இன்று வந்துவிட்டன.

இன்சுக்


நமன்கான்,
ஏப்ரல் 15

அக்கா,

சரி என்று சொல்ல மாட்டேன். முதலில் மூக்கைத் துடையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் கையால் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். ஒரே மாதிரி பத்து எழுதிவிடாதீர்கள்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். என் கடையில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தவள் வாயை மூடிக்கொண்டு போனதில்லை. கொரியாவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும். உங்கள் கடிதம் வந்த மறுநாளே ஒவ்வொருத்தியாக வரவழைத்தேன். பாதி முடி வெட்டியபின் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பாதித் தலையோடு யாராலும் எழுந்து போக முடியாது.

பத்துப் பேர் தேறியிருக்கிறார்கள். எல்லாரும் ஐம்பதை ஒட்டியவர்கள். குல்சரா என்பவளின் சம்பந்தி, பேரனுக்கு ரொட்டியே கண்ணில் காட்டுவதில்லையாம். சபோகத்தின் மகள் கல்யாணம் ஆகி ஐந்து வருடமாக ஒரு முறைகூட ஊருக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால் மருமகன் தலை குனிந்து வணக்கம் சொல்கிறாராம், ஐந்து வருடமாக அதே வணக்கம். ராணோவுக்கு ஒரு சண்டையும் இல்லை. சம்பந்தி அவ்வளவு நல்லவளாம். ஒரு நன்றி சொல்ல வாய் வரவில்லையே என்று என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

சுய அறிமுகத்தை அவரவர் கையால், அவரவர் விஷயத்தை எழுதச் சொன்னேன். நான் ஒரு எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதோடு அனுப்புகிறேன். படித்துவிட்டுத் திருத்தினீர்களோ, அக்கா என்றும் பார்க்க மாட்டேன்.

மவ்லூதா


தல்மே,
மே 29

மவ்லூதா,

பத்தில் ஒன்பது விசா கிடைத்துவிட்டது. உன்னோடு பத்து. மேஜைப் பந்து மேஜைகளை இன்று காலை டீன் வேறு கட்டடத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னார். தூக்கும்போது நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

நிராகரிக்கப்பட்டவள் மலோகத். அவள் ராணோவின் கடிதத்தைப் பார்த்து எழுதிவிட்டாள். ராணோவின் சம்பந்தி பெயரைக்கூட மாற்றவில்லை. அவளை நான் திட்ட மாட்டேன். இலையுதிர் பருவத்துக்கு விண்ணப்பிக்கச் சொல். என் பத்துப் பிள்ளைகளும் மறுபடி எழுதுகிறார்கள். இந்த முறை ஒருவனின் அப்பா குதிரை வளர்ப்பவராகவும் இன்னொருத்தியின் அப்பா ஓடிப்போனவராகவும் இருக்கிறார்.

நீங்கள் பத்துப் பேர் படிக்க வரும் விஷயம் ஊருக்குள் கசிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. விடுதிக் காவலாளி சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு பொதுக் குளியல் கூடத்தில் இந்த ஊர் மாமியார்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டே இதைத்தான் பேசினார்கள். திங்கட்கிழமை கூ மல்சுன் அம்மா ஒரு கிண்ணம் நூடுல்ஸோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். கடை திறந்த இருபது வருடத்தில் மதியம் அவர்கள் கல்லாவை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"எங்க சம்பந்தியம்மா இங்க படிக்க வர்றாங்களாமே. என்ன சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டார்கள்.

பெயர் சொல்ல, விலை கேட்க, வழி கேட்க, வேண்டும் வேண்டாம் சொல்ல என்றேன்.

கிண்ணத்தை என் மேஜையில் வைத்தார்கள். "வேணாம்னு சொல்றதுக்குமா?" என்றார்கள்.

ஆமாம் என்றேன். கிண்ணத்தைத் திருப்பி வாங்காமலே போய்விட்டார்கள். கோபமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் விஷயம் எதையும் நான் திறக்கவில்லை.

ஜூன் 7 மாலை பஸ் நிலையத்தில் நிற்பேன். கையில் உன் பெயர் எழுதிய அட்டை இருக்கும். உங்கள் எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்சுக் அக்கா


தல்மே பல்கலைக்கழக விடுதி, அறை 204,
ஆகஸ்ட் 11

இன்சுக் அக்காவுக்கு,

வணக்கம். நான் மவ்லூதா. இது வீட்டுப்பாடம். மையத்தில் ஒருவருக்குக் கொரிய மொழியில் கடிதம் எழுத வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். உங்கள் அறை என் வகுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். யாரும் உதவவில்லை. பிழைகள் என்னுடையவை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் சம்பந்தியம்மா கடைக்குப் போனேன். கடை மூடியிருந்தது. நான், சம்பந்தியம்மா, என் மகள் மூன்று பேர் மேஜையில் உட்கார்ந்தோம். என் மகளின் வயிறு மிகப் பெரியது.

நான் சொன்னேன். "எனக்கு நாப்பது நாள் வேணும். எம்பொண்ணு வேணும். ஓய்வு இல்லம் வேணாம்."

நோதிரா மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். சம்பந்தியம்மாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். "நீ பேசாத."

அவள் திறந்த வாயை மூடினாள்.

சம்பந்தியம்மா சொன்னார்கள். "முடியாது." நான் மறுபடி சொன்னேன். அவர்கள் மறுபடி முடியாது என்றார்கள். நான் மேஜையைத் தட்டினேன். அவர்களும் தட்டினார்கள். மிகவும் நன்றாக இருந்தது.

நான் கேட்டேன். "நூடுல்ஸ் எதுக்கு அனுப்பினீங்க?" அவர்கள் சொன்னார்கள். "நீங்க கேட்டீங்கன்னு உங்க பொண்ணு சொன்னா." நான் சொன்னேன். "நான் கேக்கல. பொண்ணுக்குச் சோறு போடறீங்களான்னு கேட்டேன்." சம்பந்தியம்மா நோதிராவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நோதிரா கூரையைப் பார்த்தாள்.

அப்புறம் சம்பந்தியம்மா மெதுவாகப் பேசினார்கள். எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக. "நான் பிள்ளை பெத்த மூணாம் நாள் மாவு பிசைஞ்சேன். என் மாமியார் பிசையச் சொன்னாங்க. இவ பிசையக் கூடாது. நான் கூடவே இருந்தா எனக்கும் வேலை சொல்லத் தோணிடும். அந்த இல்லத்துல யாரும் வேலை சொல்ல மாட்டாங்க. அதான் அங்க இடம் பிடிச்சேன்."

'பிசைவது' என்ற சொல் எங்கள் பாடத்தில் வரவில்லை. அவர்கள் மேஜை மேல் கையால் செய்து காட்டினார்கள். எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். நான் அவர்களைக் கெட்டவர் என்று ஏழு மாதம் நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லச் சொல் தெரியவில்லை. அதனால் அவர்கள் கையைப் பிடித்தேன். அவர்கள் கை மிகவும் கரடுமுரடானது.

பிறகு மறுபடி சண்டை போட்டோம். ஒரு மணி நேரம். முடிவு இது. ஓய்வு இல்லம் வேண்டாம். கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. நாற்பது நாளும் நோதிரா அங்கே இருப்பாள். நானும் இருப்பேன். காலையில் அவர்கள் கடற்பாசி சூப் கொடுப்பார்கள். மாலையில் நான் ஆட்டுக்கறி சூப் கொடுப்பேன். யாராவது அவளிடம் வேலை சொன்னால் மற்றவர் மேஜையைத் தட்டுவார்.

வெளியே வரும்போது சம்பந்தியம்மா சொன்னார்கள். "ஒரு வருஷமா போன்ல உங்களைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை வலி. இனிமே சிரிக்க வேணாம், என்ன?" நான் சொன்னேன். "வேணாம்."

அக்கா, ஒரு கேள்வி. இரண்டாம் நிலை எந்தத் தேதியில் தொடங்குகிறது? சீக்கிரம் சேர வேண்டும். குழந்தைக்கு என்ன பெயர் என்று நேற்று சும்மா கேட்டேன். அவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். நான் ஒரு பெயர் சொன்னேன். இருவரும் மறுபடி மேஜை மேல் கை வைத்தோம்.

அதற்கு முதல் நிலை போதாது.

மவ்லூதா